சிக்னல் திருடி

நோட்டீஸ் போர்டில் என்னைத் திருடி என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தாளின் ஓரங்கள் ஸ்கேல் வைத்து வெட்டியவை. மூலைக்கொரு குண்டூசி, எல்லாம் ஒரே நிறம். எழுத்துகள் அணிவகுப்புக்கு வந்த போலீஸ்காரர்களைப் போல ஒரே உயரத்தில் விறைத்து நின்றன. ஒரு மனுஷியின் மானத்தை வாங்குவதையும் இவ்வளவு நேர்த்தியாகச் செய்யத் தெரிந்தவர் எங்கள் கட்டடத்தில் ஒருவர்தான். குடியிருப்போர் சங்கச் செயலாளர். அதாவது, என் கூடப்பிறந்த தங்கையின் புருஷன்.

‘தரைத்தளத்தில் வசிக்கும் அங்கத்தினர் ஒருவர் பொதுக் கேபிளிலிருந்து சிக்னலை அளவுக்கு மீறி உறிஞ்சி வருவதால், மேல்மாடிகளில் சில சேனல்கள் தெரிவதில்லை எனப் புகார்கள் வந்துள்ளன. அவருடைய இணைப்பைத் துண்டிப்பது குறித்து ஞாயிறு காலை மொட்டைமாடியில் வாக்கெடுப்பு நடைபெறும்.’

அங்கத்தினர் ஒருவராம்! தரைத்தளத்தில் இருப்பதே ஒரு வீடுதான். அதில் இருப்பது நானும் என் வீட்டுக்காரரும். அவர் உறிஞ்சுவது காபியை மட்டும். மிச்சம் யார்?

உறிஞ்சுகிறேனாம். நான் என்ன கொசுவா? தொலைபேசித் துறையில், டிரான்ஸ்மிஷன் பிரிவில், தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டு வந்தவள். பாதி நாட்டின் பேச்சு என் மேஜையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நான் ஒரு தும்மல் போட்டால் மூன்று ஊர்களில் கல்யாணப் பேச்சு அறுந்து போகும். இதில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று என் வீட்டுக்காரர் முணுமுணுப்பார். கொஞ்சம்தான்.

நோட்டீஸைக்கூட நான் தாங்கிக்கொண்டிருப்பேன். தாங்க முடியாதது வேறு ஒன்று. அதைச் சொல்ல என் தங்கையின் சமையலறை ஜன்னலில் தொடங்க வேண்டும்.

சின்னவள் முதல் மாடியில், எனக்கு நேர் மேலே இருக்கிறாள். அவள் ஜன்னலுக்குக் கீழே என் ஜன்னல். தினமும் சாயங்காலம் டிவியில் ஒரு பாட்டுப் போட்டி வரும். அவள் மேலே பார்ப்பாள், நான் கீழே பார்ப்பேன், விமரிசனம் ஜன்னல் வழியாக நடக்கும். பாடுகிறவர்கள் மைக் வைத்துக்கொண்டு பாடுவார்கள், எங்களுக்கு மைக் தேவைப்பட்டதில்லை. மூன்றாவது மாடியில் இருக்கும் பல் டாக்டர் தன் டிவியை அணைத்துவிட்டு எங்களைக் கேட்பதாகக் கேள்வி.

அன்றைக்கும் அப்படித்தான் ஜன்னலில் தலையை நீட்டினேன். “ஏய், பாத்தியா உன் ஆளை? சுருதிய கீழ போட்டுட்டு குனிஞ்சு தேடிக்கிட்டிருக்கான்!”

பாடுகிறவர்களில் சுருள்முடிக்காரன் ஒருவனை அவள் தத்தெடுத்துக்கொண்டுவிட்டாள். அவனைச் சொன்னால் கரண்டியோடு எட்டிப் பார்ப்பவள். அன்று எட்டிப் பார்க்கவில்லை.

“எனக்கு அந்த சேனல் வரல” என்றாள், கடைசியாக. குரலில் உயிரில்லை.

மறுநாளும் வரவில்லை. கேபிள்காரர் வந்தார். மொட்டைமாடியில் மீட்டரைச் செருகிப் பார்த்தார், நன்றாக இருந்தது. என் வீட்டில் செருகிப் பார்த்தார், அதைவிட நன்றாக இருந்தது. நடுவில் மட்டும் காணவில்லை. காதைக் குடைந்துகொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்: “மேல இருக்கு, கீழ இருக்கு, நடுவுல இல்லன்னா கீழ இருக்கறவங்க இழுக்கறாங்கன்னு அர்த்தம்.”

எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் சிக்னல் என்றால் குழாய்த் தண்ணீர்தான். கீழ்வீட்டில் குழாயைத் திறந்தால் மேல்வீட்டில் குளிப்பவர் சோப்போடு நிற்பார் இல்லையா, அந்தக் கணக்கு. கேபிள்காரரின் வாக்கு படியேறிப் போவதற்குள் என் வீட்டில் ரகசிய மோட்டார் ஓடுகிறது என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

சின்னவள் இறங்கி வந்தாள். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“உன் வீட்டுல வருதா?”

“ஏன் வராம? பளிச்சுன்னு வருது. உன் ஆளு மூக்குல ஒரு பரு இருக்கு பாரு, அதுகூடத் தெரியுது” என்றேன். என் வாய் இருக்கிறதே, அதைத் தனியாக ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்க வேண்டும்.

“எனக்கு ஒரு புள்ளிகூட வரல. உனக்கு மட்டும் பருகூடத் தெரியுது.”

“அதுக்கு?”

“அதுக்கு ஒண்ணுமில்லக்கா. அந்த வேலையிலேயே கிடந்தவ நீ. எந்தக் கம்பிய எங்க தொட்டா எது வரும்னு உனக்குத் தெரியாதா?”

சொல்லிவிட்டுப் படியேறிப் போனாள். சமையலறை ஜன்னல் சாத்தப்படும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷத்தில் மழைக்கும் சாத்தாத ஜன்னல். தாங்க முடியாதது என்றேனே, அந்தச் சத்தம்தான். ஊரே திருடி என்றால் ஊரோடு சண்டை போடலாம். இவள் நினைத்துவிட்டாளே!

என் வீட்டுக்காரரிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். அவர் செய்தித்தாளைத் தாழ்த்தாமல் கேட்டார், “வாக்கெடுப்புக்கு நானும் வரணுமா?”

“வரணுமாவா? உங்க பொண்டாட்டிய திருடிங்கறாங்க!”

“அதான் கேக்கறேன். எந்தப் பக்கம் உக்காரணும்?”

இந்த மனுஷரோடு பேசிப் பயனில்லை என்று நானே துப்பறியக் கிளம்பினேன். முதலில் படிக்கட்டு முகப்பில் இருக்கும் புகார்ப் பெட்டியைத் தாண்ட வேண்டியிருந்தது. செயலாளர் மாப்பிள்ளை புதிதாகச் செய்து வைத்திருந்தார். வார்னிஷ் அடித்த மரப்பெட்டி, மூடிக்கு மேலே பிடித்துத் தூக்கத் தங்க நிறத்தில் ஒரு குமிழ். என் கண்ணெதிரேயே இரண்டாவது மாடித் தையற்காரம்மா அந்தக் குமிழைத் தூக்கி ஒரு சீட்டைப் போட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் சிரித்து, “சும்மா… லைட்டு எரியலன்னு” என்றார். லைட்டு அவர் தலைக்கு மேலேயே எரிந்துகொண்டிருந்தது.

“உங்களுக்கு எந்த சேனல் வரலம்மா?” என்று நேரடியாகவே கேட்டேன்.

“சினிமா. பாட்டுப் போட்டியெல்லாம் நல்லாத்தான் வருது.”

பல் டாக்டரிடம் போனேன். அவருக்கு சினிமா வந்தது, பாட்டு வந்தது, மேட்ச் காட்டும் சேனல் மட்டும் போயிருந்தது. யார் பல்லையோ பிடுங்குகிற கோபத்தோடு சொன்னார், “ஃபைனல் வருதும்மா. மனசாட்சியோட நடந்துக்குங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வீட்டில் பாட்டு, ஒரு வீட்டில் சினிமா, ஒரு வீட்டில் பந்து என்று வீட்டுக்கு ஒன்றாகப் பொறுக்கித் திருட நான் என்ன, கடை வைக்கப் போகிறேனா? அந்தக் கோபத்தில்தான் மண்டையில் மணி அடித்தது. ஆளுக்கொரு சேனல் மட்டும் காணாமல் போவதை ஆபீசில் நான் பார்த்திருக்கிறேன். அது கம்பியின் கடைசி முனையில் ஏதோ கெட்டுப்போனதன் அடையாளம்.

மொட்டைமாடியிலிருந்து ஒரே கேபிள் இறங்கி, மாடிக்கு ஒரு பெட்டியில் கிளை விட்டு, படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் என் பெட்டியில் முடிகிறது. அந்தப் பெட்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது. திறந்தேன். எனக்கு வரும் கம்பி இருந்தது. அதற்குப் பக்கத்தில், கேபிள் முடிகிற இடத்தில், ஒரு திருகுமரை வெறுமனே பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே இருக்க வேண்டிய மூடியைக் காணவில்லை.

விரல் நுனி அளவுதான் இருக்கும் அந்த மூடி. எங்கள் ஆபீசில் டெர்மினேஷன் என்போம். அதிலிருந்து எந்தக் கம்பியும் எங்கும் போகாது. பார்த்தால் தண்டமாக உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் அதற்குள் ஒரு குட்டி ரெசிஸ்டர் இருக்கிறது. சிக்னல் தண்ணீர் இல்லை, அலை. கம்பியில் ஓடிவந்த அலை கடைசி முனையில் வாங்கிக்கொள்ள ஆளில்லை என்று கண்டால், வந்த வழியே திரும்பி ஓடும். திரும்புகிற அலையும் புதிதாக வருகிற அலையும் வழியில் சந்தித்தால், சில இடங்களில் இரண்டும் சேர்ந்து குதிக்கும், சில இடங்களில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு ஒன்றுமில்லாமல் போகும். எந்த இடத்தில் அடித்துக்கொள்ளும் என்பது சேனலுக்குச் சேனல் மாறும். அந்த இடத்தில் யார் வீட்டுப் பெட்டி இருக்கிறதோ, அவர்களுக்கு அந்தச் சேனல் அம்போ. இது நடக்காமல் இருக்கத்தான் மூடி. மிச்சமாக வருகிற சிக்னலை வாங்கி விழுங்கிச் சூடாக்கிவிடும். பயந்துவிடாதீர்கள், அந்தச் சூடு ஓர் எறும்பு குளிர்காயக்கூடப் போதாது.

நேராக முதல் மாடிக்கு ஏறினேன். மாப்பிள்ளை வீட்டுச் செருப்புகளை அளவு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பெரிய சரக்குக் கிடங்குக்கு மேலாளர் அவர். உலகமே சரியாக அடுக்கப்படாத கிடங்கு என்பது அவருடைய மனக்குறை.

“மாப்பிள்ளை, படிக்கட்டுக்கு அடியில பெட்டிக்குப் பெயின்ட் அடிச்சீங்களே, அதுல ஒரு சின்ன மூடி இருந்துதே, எங்க?”

“ஓ, அதுவா? அதுல எந்தக் கம்பியும் சேரல அக்கா. ஒண்ணோடயும் சேராத பொருள் அங்க எதுக்கு? எடுத்துட்டேன்.” முகத்தில் பெருமை வேறு. “வேலை செய்யாதது இடத்த அடைக்கக் கூடாது. கிடங்குல நான் தினமும் சொல்றதுதான்.”

“அது வேலை செஞ்சுக்கிட்டிருந்துது! எங்க வெச்சீங்க?”

“எதையும் வீணாக்க மாட்டேன், எதுக்காவது உபயோகப்படுத்தியிருப்பேன். இப்ப ஞாபகம் இல்ல.” பிறகு குரலைச் செயலாளர் குரலாக மாற்றிக்கொண்டார். “அக்கா, குடும்பம் வேற, சங்கம் வேற. வாக்கெடுப்பு வர்ற நேரத்துல மூடி கீடின்னு பேச்ச மாத்தாதீங்க.”

உள்ளே சின்னவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. ஆனால் கை நின்றிருந்தது.

கடையில் ஒரு மூடி வாங்கி யாருக்கும் தெரியாமல் மாட்டியிருக்கலாமே என்பீர்கள். எனக்கும் தோன்றியது. மாட்டியதும் எல்லா வீட்டிலும் எல்லாச் சேனலும் வரும். வந்தால் என்ன பேசுவார்கள்? ‘நோட்டீஸ் போட்டதும் பயந்துபோய் உறிஞ்சறத நிறுத்திட்டா பாரு!’ காலம் பூராவும் திருந்திய திருடியாக வாழச் சொல்கிறீர்களா? முடியாது. எல்லோர் கண் முன்னாலும், முக்கியமாக அந்தச் சின்னவள் கண் முன்னாலும், இது நிரூபணமாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் மாப்பிள்ளை மேஜை போட்டு, விரிப்பு விரித்து, நடுவில் புகார்ப் பெட்டியைச் சிலை மாதிரி எழுந்தருளச் செய்திருந்தார். வீட்டுக்கு இரண்டு நாற்காலி, கோடு கிழித்தது போல. என் வீட்டுக்காரர் ஜாக்கிரதையாக எந்தப் பக்கமும் சேராமல் தண்ணீர்த்தொட்டியின் நிழலில் நின்றுகொண்டார்.

“தரைத்தள அங்கத்தினர் அவர்கள் விளக்கம் தரலாம்” என்றார் மாப்பிள்ளை. நேற்றுவரை அக்கா, இன்று அங்கத்தினர் அவர்கள்.

நான் விளக்கம் தரவில்லை. போய்த் துணிக்கொடியை அவிழ்த்தேன். நல்ல கனமான கயிறு. அதில் காய்ந்துகொண்டிருந்த செயலாளரின் சட்டைகள் வரிசை குலையாமல் தரையில் விழுந்தன. அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கயிற்றின் ஒரு முனையில் மெல்லிய நைலான் நூலை முடிந்து, நூலின் மறுமுனையைத் தொட்டிக் குழாயில் கட்டினேன். கயிற்றின் முனை பிடிப்பார் இல்லாமல் தன் இஷ்டத்துக்கு ஆட வேண்டும், அதற்காக. இன்னொரு முனையை நான் பிடித்துக்கொண்டேன்.

“இது நம்ம கேபிள். நான் மேல சிக்னல் வந்து சேர்ற இடம். அந்த நூல் முடிஞ்சிருக்கற முனை என் வீடு. எல்லாரும் பாத்துக்குங்க.”

“ஸ்கிப்பிங் ஆடப் போறாங்களா?” என்றார் டாக்டர்.

“உங்க மேட்ச்சத் தேடப் போறேன், பேசாம இருங்க!”

கையை மேலும் கீழுமாக ஒரே சீராக ஆட்டினேன். அலை ஓடி, முனையைத் தொட்டு, திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் கயிறு ஓட்டத்தை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே துள்ள ஆரம்பித்தது. சில இடங்களில் ஆள் உயரத்துக்குத் துள்ளல், அதாவது என் கணக்கில் ஆள் உயரம். சில இடங்களில் அசைவே இல்லை.

“சின்னவளே, இங்க வா.”

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

“என்கிட்ட பேச வேணாம். கயித்துக்கிட்ட வந்து நில்லு, போதும்.”

வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். நான் காட்டிய இடத்தில் கயிற்றைச் சுற்றி விரலை வளையம் போலப் பிடித்தாள்.

“ஆடுதா?”

“இல்ல” என்றாள். பிறகு தன்னை மறந்து, “அக்கா, ரெண்டு பக்கமும் இந்தக் குதி குதிக்குது, இங்க மட்டும் ஆடவே இல்ல!”

அக்கா என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கை தானாக வேகமெடுக்கப் பார்த்தது, அடக்கிக்கொண்டேன்.

“அதான் உன் வீடு. நான் இப்ப ஆட்டறதுதான் பாட்டுப் போட்டி. இப்ப பாரு, வேற சேனல்.” வேகத்தைக் கூட்டினேன். சாந்தமான இடங்கள் நகர்ந்தன.

“ஐயோ, இப்ப கையத் தட்டி விடுது!”

“டாக்டர், நீங்க வாங்க. இந்த இடத்துல பிடிங்க.”

டாக்டர் பிடித்தார். கண் விரிந்தது. “அசையல! என் மேட்ச்!”

“இப்ப சொல்லுங்க. நான் அந்த முனையில நின்னு உறிஞ்சிக்கிட்டா இருக்கேன்? அங்க யாருமே இல்ல. யாருமே இல்லாததுதான் வியாதி. போனதெல்லாம் திரும்பி வந்து உங்க வாயில மண்ணப் போடுது.”

மாப்பிள்ளை விடவில்லை. “ஆனா உங்க வீட்டுல மட்டும் அதிகமா வருதே?”

“அந்த முனையப் பாருங்க.” நூலோடு சேர்ந்த கயிற்று முனை பேய் பிடித்தது போல ஆடிக்கொண்டிருந்தது. “போற அலையும் திரும்பற அலையும் ஒண்ணா என் வாசல்லதான் விழுது. ரயில் நிக்கற இடத்துக்குப் பக்கத்துல வீடு இருந்தா ரயிலத் திருடிட்டேன்னு நோட்டீஸ் ஒட்டுவீங்களா?”

தையற்காரம்மா, “அதானே?” என்றார். சீட்டுப் போட்ட கை அது!

நான் தொட்டிப் பக்கம் திரும்பினேன். “ஏங்க, இங்க வாங்க. அந்த நூல அவுத்துட்டுக் கயித்து முனையக் கையில பிடிங்க. இழுத்துப் பிடிக்காதீங்க, விட்டுடவும் விடாதீங்க. வர்றத வாங்கிக்குங்க, திருப்பிக் குடுக்காதீங்க.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து அதத்தானே செஞ்சிக்கிட்டிருக்கேன்” என்றார் அவர்.

மொட்டைமாடி அதிர்ந்தது. டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய பற்கள் அத்தனையும் சொத்தை என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் ஆட்டினேன். அலை ஓடிப்போய் அவர் கையில் இறங்கி அப்படியே அடங்கியது. அவர் தோள் லேசாக அசைந்தது, அவ்வளவுதான். எதுவும் திரும்பவில்லை. மெதுவாக ஆட்டினேன், வேகமாக ஆட்டினேன். கயிற்றில் அசையாத இடம் என்று ஒன்று இல்லாமல் போனது.

“இப்ப?”

“ஆடுது” என்றாள் சின்னவள், விரலைக் கயிற்றிலிருந்து எடுக்காமல். “எப்படி ஆட்டினாலும் ஆடுது.”

“மூடி செய்யற வேலை அதான். எங்க வீட்டுக்காரர் வேலை.”

மாப்பிள்ளையின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. “அப்ப நான் எடுத்த அந்தச் சின்ன… எங்க வெச்சேன்னு சத்தியமா…”

சின்னவள் கயிற்றை விட்டாள். புருஷனைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். மறுபடியும் புருஷனைப் பார்த்தாள்.

“எங்க வெச்சீங்களா? பேப்பர விரிச்சு உக்காந்து, தங்கப் பெயின்ட் அடிச்சு, ஊதி ஊதிக் காய வெச்சீங்களே! சாப்பிட வாங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன், ‘கொஞ்சம் இரு, மொழுமொழுன்னு வரணும்’னீங்க.”

அவளே மேஜைக்குப் போனாள். புகார்ப் பெட்டியை இடுக்கிக்கொண்டு, அதன் மேலிருந்த தங்கக் குமிழைத் திருக ஆரம்பித்தாள். கறக் கறக் என்று, உள்ளே செருகியிருந்த மரக்குச்சியை விட்டுக் கழன்று வந்தது. என் மேல் புகார் போட்ட ஒவ்வொரு மகராசனும் மகராசியும் பிடித்துத் தூக்கியது, காணாமல் போன அந்த மூடியைத்தான்! தினமும் அதைத் தாண்டிப் போய் வந்தேனே, எனக்கும் தெரியவில்லை. தங்க முலாமில் யாருக்குத்தான் சொந்தக்காரனை அடையாளம் தெரியும்?

நான் கத்திய கத்தலைப் பற்றி இப்போதும் பக்கத்துத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள். எந்த வார்த்தை எந்த வரிசையில் வந்தது என்பது எனக்கே நினைவில்லை. செருப்பு அடுக்குவது, கிடங்கு, கொசு எல்லாம் வந்தன. மாப்பிள்ளை முழுவதையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் அவர் காதில், “சகலை, இழுக்காதீங்க, விடாதீங்க” என்று பாடம் நடத்தினார்.

எல்லோருமாகக் கீழே இறங்கினோம், டாக்டர் மட்டும் வழியில் தன் வீட்டுக்குள் ஓடிவிட்டார். மூடிக்கு நடுவில் இருக்கும் ஊசி வளைந்திருந்தது. கொண்டை ஊசியால் நிமிர்த்தினேன், மரையில் இருந்த தங்கத்தைச் சுரண்டினேன். குடு என்று சின்னவள் கையை நீட்டினாள். அவளே திருகினாள். மூன்றாவது மாடியிலிருந்து டாக்டரின் கூக்குரல் கேட்டது. யாரோ கோல் போட்டிருக்க வேண்டும்.

மாப்பிள்ளை தனியாக வந்து மன்னிப்புக் கேட்டார். அதெல்லாம் செல்லாது என்றேன். அதே போர்டு, அதே குண்டூசி, அதே உயரத்தில் எழுத்து. மறுநாள் காலை ஒட்டியிருந்தது: ‘தரைத்தள அங்கத்தினர் எதையும் உறிஞ்சவில்லை.’ மத்தியானத்துக்குள் அதன் கீழே யாரோ பென்சிலால் ‘காபி தவிர’ என்று சேர்த்திருந்தார்கள். கையெழுத்தை எனக்குத் தெரியும். அன்று அவருக்குக் காபி கிடையாது. குமிழ் போன புகார்ப் பெட்டியைத் திறக்க முடியாததால் அவரால் அதைப் பற்றிப் புகாரும் போட முடியவில்லை.

ஆனால் சின்னவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூடியைத் திருகிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனவள்தான்.

நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலம் பாட்டுப் போட்டி தொடங்கியது. நான் டிவியைச் சமையலறைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடியிருந்தேன். இந்தத் தடவை நான் ஆரம்பிக்கப் போவதில்லை. திருடி என்று நினைத்தவள் ஆரம்பிக்கட்டும். மேலே ஜன்னல் சாத்தியே இருந்தது. ஒருத்தி பாடினாள், ஒருவன் பாடினான், நான் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு அவளுடைய சுருள்முடிக்காரன் வந்தான். முதல் வரியிலேயே வழுக்கினான்.

மேலே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

“அக்கா.”

நான் டிவி சத்தத்தை ஒரு புள்ளி கூட்டினேன்.

“அக்கா, நீ சொன்னது சரிதான். இவன் சுருதிய கீழதான் போட்டிருக்கான். உன் வீட்டுப் பக்கம் விழுந்துதான்னு பாரேன்.”

“விழுந்தா நான் திருடிட்டேன்னு சொல்லுவ!”

“சொன்னேன், தப்புதான். இப்ப தேடிக் குடு.”

விளம்பரம் வருகிறவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குள் அந்தப் பையன் மேல்ஸ்தாயிக்கு ஏறப் பார்த்தான், கடவுளே! தலையை ஜன்னலில் நீட்டினேன். நான் தொடங்கிய இடத்தில் அவள் பிடித்துக்கொண்டாள், அவள் விட்ட இடத்தில் நான். கொஞ்ச நேரத்தில், மூன்றாவது மாடியில், வெகு நாளுக்குப் பிறகு கிடைத்த மேட்ச்சின் சத்தம் சட்டென்று நின்றது.

டாக்டர் டிவியை அணைத்துவிட்டார்.